உழைக்கும் கையில் பிறந்த ஒளி: மைக்கேல் ஃபாரடே

நுழைவாயில்

மிதிவண்டியின் சக்கரத்தோடு உரசிச் சுழலும் சிறிய டைனமோ ஒன்று முன்விளக்கை எரியச் செய்கிறது. விரைந்து மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. களைத்து மெதுவாக மிதித்தால் மங்குகிறது. மிதிப்பதை நிறுத்தி வண்டி நின்றால் அணைந்துவிடுகிறது. அந்த விளக்குக்கு எண்ணெய் வேண்டியதில்லை, மின்கலமும் வேண்டியதில்லை. மிதிப்பவர் உண்ட உணவே கால்களின் விசையாகிச் சக்கரத்தைச் சுழற்றி, மின்னாகி, ஒளியாகிறது. மனிதனின் உடல்விசையை இவ்வாறு மின்னாக மாற்றும் வழியை உலகுக்குக் காட்டியவர் ஓர் ஏழைக் கொல்லரின் மகன். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

வறுமையில் வளர்ந்த இளமை

மைக்கேல் ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லுத்தொழில் செய்தவர், தாய் மார்கரெட். நான்கு பிள்ளைகளுள் மைக்கேல் மூன்றாமவர். தந்தையின் உடல்நலம் அடிக்கடி குன்றியது. கொல்லரின் கை ஓய்ந்தால் உலை ஓயும். உலை ஓய்ந்தால் வீட்டு அடுப்பும் ஓயும். 1801ஆம் ஆண்டு வாக்கில் தானிய விலை பெரிதும் ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கப்பட்டது. உணவுக்கும் உடலின் வலிமைக்கும் உள்ள தொடர்பை ஏட்டில் படிப்பதற்கு முன்பே அவர் தம் வயிற்றில் அறிந்திருந்தார்.

எழுத்தும் வாசிப்பும் எளிய கணக்கும் மட்டுமே அவருக்குக் கிடைத்த பள்ளிக்கல்வி. 1804ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரிபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்து, செய்தித்தாள்களை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டில் அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்க ஏழாண்டுப் பயிற்சியில் அமர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைத் தைத்து முடித்த பின் அவற்றை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றி வந்திருந்த கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தன. படித்ததைச் செய்து பார்க்காமல் அவர் நம்பியதில்லை. கையிலிருந்த சில காசுகளைக் கொண்டு கண்ணாடிக் குப்பி வாங்கி, கையால் சுழற்றும் மின்பொறி ஒன்றைத் தாமே செய்துகொண்டார்.

1810ஆம் ஆண்டில் தந்தை மறைந்தார். அந்நாளில் இலண்டனில் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்க ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் மைக்கேலின் அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லரே. அண்ணன் சம்மட்டி அடித்து ஈட்டிய கூலியே தம்பியின் கல்விக்கு வித்தாயிற்று.

ஆய்வகத்தின் வாயில் திறந்தது

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுகளைத் தந்தார். டேவி அக்காலத்தின் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டுக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கைத்தொழிலின் திறமெல்லாம் காட்டி அழகிய நூலாகக் கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அந்நிறுவனத்தின் ஆய்வக உதவியாளராக அமர்த்தப்பட்டார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் டேவியோடு ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பிரான்சில் ஆம்பியரையும் இத்தாலியில் வோல்டாவையும் கண்டார். அப்பயணத்தில் அவர் உதவியாளராக மட்டுமன்றிப் பணியாளாகவும் நடத்தப்பட்டார். டேவியின் துணைவியார் அவரை ஏவலாளாகவே மதித்தார். மனம் நொந்து பாதியில் திரும்பிவிடலாமா என்று எண்ணிய நாள்களும் உண்டு. ஆயினும் கற்கும் வாய்ப்பை இழக்க விரும்பாமல் பொறுத்துக்கொண்டார்.

பழியும் பத்தாண்டுக் காத்திருப்பும்

1821ஆம் ஆண்டு ஃபாரடேயின் வாழ்வில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூன் மாதம் சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். செப்டம்பரில் மின்னோட்டம் பாயும் கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றி இடையறாது சுழலும்படி செய்து காட்டினார். மின்சாரத்தால் இயங்கும் மோட்டாரின் தொடக்கம் அதுவே.

வெற்றியோடு பழியும் வந்தது. வாலஸ்டன் என்னும் மூத்த அறிஞர் ஏற்கெனவே இத்துறையில் முயன்று வந்தமையால், அவருடைய கருத்தைக் ஃபாரடே களவாடிவிட்டார் என்று சிலர் பேசினர். குலப்பெருமையோ செல்வமோ பட்டமோ இல்லாத இளைஞருக்கு நேர்மை ஒன்றே உடைமை. அதுவே ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஃபாரடே வாலஸ்டனை நேரில் கண்டு விளக்கம் அளித்தார். வாலஸ்டன் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். ஆனால் 1824ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகக் ஃபாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே அதை எதிர்த்தார். எதிர்ப்பையும் மீறி அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்காலத்திலும் தம்மை வளர்த்த ஆசானைப் பற்றி மதிப்புக் குறையாமலே அவர் பேசிவந்தார்.

மின்சாரத்தால் இயக்கம் பிறக்குமாயின், இயக்கத்தாலும் காந்தத்தாலும் மின்சாரம் பிறக்க வேண்டுமே என்னும் வினா அவர் உள்ளத்தில் நின்றது. அதற்கு விடை காண ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

கையின் அசைவு மின்னாகியது

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுற்றில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, மறு சுற்றோடு இணைந்திருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து மீண்டும் அடங்கியது. மின்னோட்டத்தை நிறுத்தியபோது மறுபடியும் ஒரு கணம் எதிர்த்திசையில் அசைந்தது. மாற்றம் நிகழும்போது மட்டுமே மின் பிறக்கிறது என்பதை அந்தச் சிறிய அசைவு உணர்த்தியது.

அக்டோபர் 17ஆம் நாள் இன்னும் எளிய சோதனையைச் செய்தார். உள்ளீடற்ற கம்பிச்சுருளுக்குள் காந்தக் கோல் ஒன்றைக் கையால் சட்டென்று நுழைத்தார், ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார், ஊசி மறுபுறம் அசைந்தது. கோலைச் சுருளுக்குள் அசையாமல் வைத்திருந்தபோது ஊசியும் அசையவில்லை. மின்கலம் எதுவும் இணைக்கப்படாத அச்சுருளில் மின்னை உண்டாக்கியது, காந்தத்தைத் தள்ளியும் இழுத்தும் இயக்கிய மனிதக் கையே.

அக்டோபர் 28ஆம் நாள், ராயல் சொசைட்டிக்குரிய பெரிய காந்தத்தின் முனைகளுக்கு இடையே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றினார். தட்டு சுழலும் வரையில் மின்னோட்டம் இடைவிடாது கிடைத்தது. உலகின் முதல் மின்னியற்றி இதுவே. நவம்பர் 24ஆம் நாள் இக்கண்டுபிடிப்பு ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பாரிசில் பிக்சீ என்னும் கருவி செய்வோர், கைப்பிடியைச் சுற்றினால் மின் தரும் பொறி ஒன்றை அமைத்தார்.

இத்தகைய பொறியில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. விளக்கை இணைக்காதபோது கைப்பிடி எளிதாகச் சுழலும். விளக்கை இணைத்தவுடன் அது கனக்கும், கை வலிக்கும். எரியும் ஒளிக்குரிய விலையைச் சுழற்றும் தசைகளே செலுத்துகின்றன. வெறுமையிலிருந்து ஆற்றல் தோன்றுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

உயிருள்ள மின்கலம்

உரசலால் பிறக்கும் மின், மின்கலத்தில் பிறக்கும் மின், காந்தத்தால் பிறக்கும் மின், உயிர்களின் உடலில் பிறக்கும் மின் ஆகிய யாவும் ஒன்றா, வேறா என்னும் ஐயம் அக்காலத்தில் இருந்தது. அவை யாவும் ஒன்றே எனக் ஃபாரடே சோதனைகளால் நிறுவ முற்பட்டார். 1838ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மின்மீன் ஒன்று இலண்டன் காட்சிக்கூடத்தில் இருந்தது. அதன் நீளம் 40 அங்குலம். ஃபாரடே நீருக்குள் கைகளை இட்டு, ஒரு கையை அதன் தலைப்பக்கமும் மறு கையை வால்பக்கமும் வைத்து அதிர்ச்சியைத் தம் உடலிலேயே ஏற்றார். அம்மீனின் மின்னைக் கொண்டே ஊசியைக் காந்தமாக்கினார், வேதிப்பொருளைப் பிரித்தார், தீப்பொறியையும் காட்டினார். உயிருள்ள உடல் தான் உண்ட இரையிலிருந்து மின்னை ஆக்க வல்லது என்பதும், அம்மின் கம்பியில் ஓடும் மின்னிலிருந்து வேறுபட்டதன்று என்பதும் புலனாயின.

மறதியும் மன உறுதியும்

இடையறாத உழைப்பு அவருடைய உடலை வாட்டியது. ஐம்பது வயதை நெருங்கியபோது தலைச்சுற்றலும் மறதியும் பெருகின. முன்பு செய்த சோதனையே நினைவிலிருந்து நழுவியது. அதனால்தான் ஒவ்வொரு சோதனையையும் நாளும் எண்ணும் இட்டுக் குறிப்பேட்டில் பதிந்துவைக்கும் அவருடைய பழக்கம் பெரிதும் துணை செய்தது. 1841ஆம் ஆண்டில் ஓய்வுக்காகச் சுவிட்சர்லாந்து சென்றார். மூளை களைத்திருந்த அம்மனிதரின் கால்கள் களைக்கவில்லை; மலைப்பாதையில் ஒரே நாளில் 45 மைல் நடந்தார். அங்கே ஆணி அடிக்கும் கொல்லர்களைக் கண்டு, தம் தந்தையின் பட்டறையை நினைந்து மகிழ்ந்தார்.

மீண்டு வந்தபின் 1845ஆம் ஆண்டில் காந்தப்புலத்துக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். உயர்கணிதம் அறியாத அவர், காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரவியிருப்பதாக உருவகித்தார். அவ்வுருவகத்துக்குக் கணித வடிவம் தந்தவர் மேக்ஸ்வெல்.

மேசையை நகர்த்தியது யார்?

1853ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விந்தை பரவியது. பலர் சுற்றி அமர்ந்து மேசைமீது கைகளை வைத்தால், மேசை தானே நகர்கிறது என்றனர். ஆவியின் செயல் என்றும், உடலிலிருந்து வெளிப்படும் மின்சாரம் என்றும் மக்கள் நம்பினர். ஃபாரடே யாரையும் இகழவில்லை. உருளும் கண்ணாடித் தண்டுகளை இடையே வைத்த இரு பலகைகளையும், மெல்லிய அசைவையும் காட்டும் முள்ளையும் கொண்ட சிறு கருவி ஒன்றை அமைத்தார். மேசை நகர்வதற்கு முன்பே கைகள் தள்ளுகின்றன என்பதைக் கருவி காட்டியது. தாம் தள்ளுவதைத் தாமே அறியாமல் அம்மக்கள் தள்ளியிருந்தனர். முள்ளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது கைகள் அடங்கின, மேசையும் நின்றது. விந்தை விசை எனக் கருதப்பட்டது மனிதத் தசையின் விசையே என்று தெளிவாயிற்று.

உடலும் ஒரு மெழுகுவத்தி

ஃபாரடே சிறுவர்களை மிகவும் நேசித்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடந்த சொற்பொழிவுகளை 19 ஆண்டுகள் நடத்தினார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வரிசை, ஒரு மெழுகுவத்தியைப் பற்றியது. ஆறு சொற்பொழிவுகளில் சுடர், காற்று, நீர், கரி என ஒவ்வொன்றாக விளக்கி, இறுதியில் மனிதன் விடும் மூச்சுக்கு வந்தார். மெழுகில் உள்ள கரி காற்றோடு கூடிச் சுடராகிறது. உணவில் உள்ள கரி மூச்சுக்காற்றோடு கூடி உடலின் வெம்மையாகிறது. ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 7 அவுன்ஸ் கரியை இவ்வாறு செலவிடுகிறார் என்று கணக்கும் காட்டினார். அது ஏறத்தாழ 200 கிராம். சுடர் தெரியாமல், மெதுவாக, எரிந்துகொண்டிருக்கும் விளக்கே மனித உடல் என்பது சிறுவர்க்கும் விளங்கிற்று.

எளிமையே பெருமை

அறிவியல் உலகின் உச்சியை அடைந்த பின்னும் ஃபாரடே எளியவராகவே வாழ்ந்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது மறுத்தார். சர் பட்டத்தையும் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில் இறுதிக்காலத்தைக் கழித்து, 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் விரும்பியவாறே ஆடம்பரமின்றி ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மின்தேக்குதிறனை அளக்கும் ஃபாரட் என்னும் அலகு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று அவர் வழியில்

பெரும் மின்நிலையங்களில் சுழலும் மின்னியற்றிகள் யாவும் ஃபாரடே கண்ட நெறியிலேயே இயங்குகின்றன. சிறிய அளவில் மனித உடலும் அந்நெறியைப் பின்பற்றுகிறது. கையால் குலுக்கி எரியச் செய்யும் கைவிளக்கில், சுருளுக்குள் காந்தம் முன்னும் பின்னும் ஓடுகிறது. 1831 அக்டோபர் 17ஆம் நாள் சோதனையே அது. கைப்பிடியைச் சுற்றினால் பாடும் வானொலிகளும், கை வீச்சால் இயங்கும் கடிகாரங்களும் உண்டு. 1821இல் சீபெக் கண்ட வெப்பமின் விளைவால் உடற்சூட்டிலிருந்தும், 1880இல் கியூரி உடன்பிறப்புகள் கண்ட அழுத்தமின் விளைவால் காலடி அழுத்தத்திலிருந்தும் சிறிதளவு மின் பெறப்படுகிறது.

இவ்வழிகளின் எல்லையையும் அறிதல் வேண்டும். நாளொன்றுக்கு 2400 கிலோகலோரி உணவு உண்பவரின் உடல், சராசரியாக 116 வாட் அளவில் ஆற்றலைச் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதி உயிர் காக்கவும் உடற்சூட்டைப் பேணவுமே செலவாகிறது. தசைகள் உழைக்கும்போதும், அவை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறும். 75 வாட் அளவில் இடைவிடாது மிதிப்பவர் ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க 13 மணி 20 நிமிடம் மிதிக்க வேண்டும். ஆகவே மனித உடலால் ஒரு வீட்டின் தேவை முழுவதையும் நிறைவு செய்ய இயலாது. ஆனால் மின்தடைப்பட்ட இரவில் ஒரு விளக்கையும், வெள்ளத்தில் தனித்துப்போன ஊரில் ஒரு வானொலியையும் அதனால் இயக்க இயலும். யாருமற்ற அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்தும் கையும் மின்னை மிச்சப்படுத்துகிறது. அம்மின்னை மிதித்து ஆக்க எத்தனை நேரம் வேண்டும் என்று கணக்கிட்டவர்க்கு அதன் அருமை புரியும்.

சொல்லும் பொருளும்

உலை – கொல்லர் இரும்பைக் காய்ச்சும் தீக்குழி
சம்மட்டி – பெரிய சுத்தியல்
உள்ளீடற்ற – உள்ளே ஒன்றுமில்லாத
மின்னியற்றி – சுழற்சியால் மின்னை உண்டாக்கும் பொறி
பெருந்தன்மை – உயர்ந்த உள்ளப்பாங்கு

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஃபாரடேயின் தந்தை செய்த தொழில் ________.
2. மின்மீனின் நீளம் ________ அங்குலம்.
3. ஃபாரடேயின் விசைக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்தவர் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காந்தக் கோல் அசையாமல் இருந்தபோது ஊசி ஏன் அசையவில்லை?
2. விளக்கை இணைத்தவுடன் மின்பொறியின் கைப்பிடி கனப்பது எதை உணர்த்துகிறது?
3. மேசை நகர்ந்ததன் உண்மைக் காரணத்தைக் ஃபாரடே எவ்வாறு வெளிப்படுத்தினார்?

இ. ஒரு பக்க அளவில் எழுதுக.
1. மனித உடலை மெழுகுவத்தியோடு ஒப்பிடுவது பொருத்தமா? காரணம் காட்டி எழுதுக.
2. பழி நேர்ந்தபோது ஃபாரடே நடந்துகொண்ட முறையை விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டின் ஒரு மாத மின்கட்டணச் சீட்டைப் பெற்றோரிடம் கேட்டுப் பெறுக. அதில் உள்ள யூனிட்டுகளை மிதித்து ஆக்க எத்தனை மணி நேரம் வேண்டும் எனக் கணக்கிடுக. மிச்சப்படுத்தக்கூடிய மூன்று இடங்களைக் குறித்து வகுப்பில் பேசுக.